தோளில் வைத்த கை

முடிவு தெரிந்து நாற்பது நிமிஷம் ஆயிற்று. போய்ச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அதைச் செய்யாமல் சவரிராயன் ஜன்னலில்லாத அந்த அறைக்குள் உட்கார்ந்துகொண்டு ஊதா விளக்கைப் போடுவதும் அணைப்பதுமாக இருந்தான். அறுபது வயது மனுஷன், முப்பத்திரண்டு வருஷமாகப் பழைய புகைப்படங்களைப் பார்த்து இது எந்தக் காலத்துத் தாள், யார் யார் கையில் இருந்தது, எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்று எழுதிக் கொடுக்கிறவன், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எண்பது வயது அம்மாளுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறான் என்று சொன்னால் யார் நம்புவார்கள். பயமெல்லாம் இல்லை, இன்னொரு தடவை சரிபார்க்கிறோம், அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டு மறுபடி விளக்கைப் போட்டான். மேஜைமேல் கிடந்த படத்தின் தாள் சலவைக்குப் போய் வந்த வேட்டி மாதிரி நீலவெள்ளையாக ஒளிர்ந்தது. தாளை வெளுப்பாகக் காட்ட ஒரு மருந்து சேர்ப்பார்கள். ஐம்பதுகளின் நடுவாக்கில்தான் அந்த மருந்துத் தாள் கடைகளுக்கு வந்தது. அதற்கு முந்தின தாள் எதுவும் இந்த விளக்கில் ஒளிராது, மங்கிப்போய்க் கிடக்கும். இதுவோ 1943-ல் எடுத்தது என்று சொல்லப்பட்ட படம். நீயே இப்படிப் பல்லைக் காட்டினால் நான் என்ன செய்யட்டும் என்று அதைப் பார்த்துக் கேட்டான். அடிவயிறு வேறு கனத்தது. காலையில் இரண்டு டம்ளர் காப்பி, சர்க்கரை வியாதி உடம்பு. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் வாசிப்பறையைத் தாண்டித்தான் போக வேண்டும், வாசிப்பறையில் இந்தக் கதவையே பார்த்தபடி அந்த அம்மாள். இந்த வீட்டைக் காப்பகமாக மாற்றினபோது எந்த மகராசன் இந்த அறைக்கு ஒரே ஒரு வாசல் போதும் என்று விட்டானோ. ஒரு காலத்தில் இது மளிகைச் சாமான் அடைத்து வைக்கிற உள்ளறையாம். மழைக்காலத்தில் இன்னமும் சுவரிலிருந்து மிளகாய் நெடி வரும்.

அந்த அம்மாளுக்கு உலகம்மாள் என்று பெயர். போன வாரம் அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ரயிலேறித் தனியாக வந்திருந்தார், முடிவு கேட்கத்தான் இன்றைக்கு மறுபடி வந்திருக்கிறார். முதல் தடவை வந்தபோது ஒயர்கூடைக்குள்ளிருந்து துண்டு சுற்றிய படத்தை எடுத்து, துண்டை மடித்துக் கூடைக்குள் வைத்துவிட்டு, அப்புறம்தான் படத்தை நீட்டினார். "ஒண்ணு விடாம பாருங்க தம்பி. என்னென்ன தெரியுதோ அத்தனையும் எனக்குச் சொல்லணும். முகத்துக்காவ நல்லா இருக்குன்னு சொல்லிரப்பிடாது." வருகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள். உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்கிறவன் எவனும் உண்மைக்குத் தயாராக வருவதில்லை என்பது முப்பத்திரண்டு வருஷத்தில் அவன் கண்டது. படிவத்தை எடுத்து வைத்துக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல எழுதினான். படத்தில் இருப்பவர்கள்: சங்கரலிங்கம், அவர் மனைவி பிரமு. சங்கரலிங்கம் ரங்கூன் அரிசி மில்லில் எழுத்தர். கல்யாணமான மறு வருஷம், 1940 கடைசியில் கப்பலேறினார். ரங்கூனில் குண்டு விழுந்ததும் காடு மலையெல்லாம் நடந்து அஸ்ஸாம் வந்து, ஒரு முகாமில் காய்ச்சலாகக் கிடந்து எழுந்து, 1943 ஆனி மாதம் நேரே பாளையங்கோட்டைக்கு வந்தார். பிரமு அப்போது வாத்தியார் பயிற்சிக்காக அங்கே ஒரு அறையில் தனியாகத் தங்கியிருந்தார். சங்கரலிங்கம் அவரோடு நாலு நாள் இருந்தார், சொந்த ஊருக்குக்கூடப் போகவில்லை. அந்த நாலு நாளில் எடுத்த படம் இது. வேலை தேடிக் கல்கத்தா போனவர் போனவர்தான், பிறகு ஒரு தகவலும் இல்லை. 1944 பங்குனியில் உலகம்மாள் பிறந்தார். படம் யார் யாரிடம் இருந்தது? 1956 வரை பிரமுவின் டிரங்குப் பெட்டியில். 1956-ல் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியது. 1998-ல் பிரமு பூவும் பொட்டுமாகச் சாகும்வரை அவரிடம். பிறகு மகளிடம். பதின்மூன்று வருஷம் பெட்டிக்குள் கிடந்தது என்று எழுதும்போதே அவன் பேனா கொஞ்சம் நின்றது. பெட்டியில் கிடந்த தாளுக்கு ஒரு ஓரத் துரு, ஒரு மூலை மடிப்பு, ஒரு அந்துருண்டைக் கறை, ஏதாவது இருக்கும். இதில் இல்லை. பின்பக்கம் ஸ்டூடியோ முத்திரை இருக்க வேண்டிய இடம் மட்டும் நகத்தால் உரித்தாற்போல் கிழிந்திருந்தது. அப்போதே அந்த அம்மாளை நிமிர்ந்து பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை, எழுதிக்கொண்டே போய்விட்டான்.

படம் என்னவோ அழகான படம். அதை மறுக்க முடியாது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் சங்கரலிங்கம், மடியில் அங்கவஸ்திரம், வழித்து வாரிய தலை. பக்கத்தில் நிற்கும் பிரமுவின் வலது கை அவர் தோள்மேல் இருக்கிறது. அந்தக் காலத்தில் எந்தப் பெண் ஸ்டூடியோவில் புருஷன் தோளைத் தொட்டுக்கொண்டு நின்றாள்? நாற்காலி முதுகைத் தொடுவாள், பூச்சாடியைத் தொடுவாள், கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். இவள் தொட்டிருக்கிறாள், அதுவும் பட்டும் படாமலும் இல்லை, இறுக்கி, எழுந்து போய்விடாதே என்கிற மாதிரி. காப்பகத்தின் இயக்குநர் சௌதாமினி மேடம் இந்தப் படத்தைக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு அழுதுவிட்டார். பர்மாவிலிருந்து நடந்து வந்தவர்களைப் பற்றிய கண்காட்சிக்கு இதுதான் சுவரொட்டி என்று அன்றைக்கே முடிவு செய்து, சுவரொட்டி அச்சகத்துக்கும் போய்விட்டது. தாள் மட்டும் பிந்தினது என்றால் தப்பிக்க வழி இருந்தது. நாற்பத்துமூன்றில் எடுத்த நெகட்டிவை ஐம்பத்தாறில் அச்சடித்திருக்கலாமே, யார் தடுத்தது? அந்த நம்பிக்கையில்தான் அவன் பூதக்கண்ணாடியைக் கையிலெடுத்தான், எடுக்காமல் இருந்திருக்கலாம். அவ்வளவு இறுக்கிப் பிடித்த விரல்களுக்கடியில் சட்டைத் துணி மடங்கவே இல்லை. அவர் முகத்தில் வெளிச்சம் இடப்பக்கமிருந்து விழுகிறது, அவள் முகத்தில் வலப்பக்கமிருந்து. அவர் உடம்பு முழுக்க, உடம்பில் மட்டும், துணி நெசவு மாதிரி ஒரு சொரசொரப்பு தெரிகிறது. சொரசொரப்பான தாளில் இருந்த வேறு ஒரு படத்தைப் படமெடுத்தால் வருகிற சொரசொரப்பு. அந்த வேறு படமும் மேஜைமேல்தான் இருந்தது. அந்த அம்மாளே கொண்டுவந்து கொடுத்தது, 1941 தை மாதம் ரங்கூனிலிருந்து சங்கரலிங்கம் தனியாக எடுத்து அனுப்பிய படம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேட்டி மடிப்பை எண்ணினான். அதில் பதினாலு, இதிலும் பதினாலு. அங்கவஸ்திரத்தின் நுனி இரண்டிலும் ஒரே முழங்காலில் ஒரே மாதிரி புரண்டிருக்கிறது. ஒரு மனுஷன் இரண்டு வருஷம் கழித்து, குண்டுக்கும் காட்டுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி வந்து, அதே மடிப்போடு உட்கார மாட்டான். ரங்கூன் படத்திலிருந்து அவரை வெட்டி, வேறொரு படத்தில் இவள் பக்கத்தில் ஒட்டி, ஓரங்களைத் தூரிகையால் பூசி, மறுபடி படமெடுத்து அச்சடித்திருக்கிறார்கள். அந்தக் காலத்து ஸ்டூடியோக்களில் இது சகஜம். செத்துப்போன புருஷனோடு சேர்ந்து எடுத்த படம் இல்லையே என்று வருகிற பெண்களுக்கு எத்தனையோ பேர் செய்து கொடுத்திருக்கிறார்கள். ஆக, சங்கரலிங்கம் நாற்பத்துமூன்றில் வரவில்லை. வந்ததற்கு இருந்த ஒரே சாட்சி இந்தப் படம். இதை எடுத்துவிட்டால் நாற்பத்துநாலு பங்குனியில் பிறந்த அந்த அம்மாளுக்கு அப்பா எங்கே? இதைத்தான் அவன் போய்ச் சொல்ல வேண்டும்.

ஒரு தேதியைச் சொன்னால் என்ன நடக்கும் என்பது அவனைவிட யாருக்குத் தெரியும். ஊரிலுள்ளவனெல்லாம் கத்தியால் குத்துவான், அரிவாளால் வெட்டுவான், இவன் தேதியால் குத்தியவன். பத்தொன்பது வருஷம் ஆயிற்று. சொந்தமாக ஒரு வீடு கட்டி, பாதிரியார் வந்து மந்திரித்து, பந்தி நடந்துகொண்டிருந்த அன்றைக்குக் காலையிலிருந்தே மோட்டார் ஓடவில்லை, தண்ணீருக்கு அல்லாடி எரிச்சலில் இருந்தான். தங்கை செசிலி கூடத்துச் சுவரில் புதுச் சட்டத்தில் மாட்டியிருந்த குடும்பப் படத்துக்கு முன்னால் போய் நின்றாள். 1974-ல் திண்டுக்கல்லில் எடுத்தது, அப்பா, அம்மா, நடுவில் பத்து வயது சவரிராயன். "அண்ணே, இதுல நான் எங்கண்ணே?" என்று சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். முதல் தடவை காதில் விழாத மாதிரி இருந்தான். அவள் விடவில்லை, வந்தவர்கள் எதிரில் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கேட்டாள். "அப்பா எப்ப அந்தமானுக்குக் கப்பலேறினாரு, எப்ப திரும்பி வந்தாரு, நீ எப்ப பொறந்தே, எண்ணிப் பாரு. அப்புறம் கேளு." அவ்வளவுதான் சொன்னான். குரலைக்கூட உயர்த்தவில்லை. அவள் புருஷன் கையில் பாயசத் தம்ளரோடு பக்கத்தில் நின்றிருந்தான். செசிலி அழவில்லை, சண்டை போடவில்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் பிள்ளைகளுக்குச் செருப்பு மாட்டிவிட்டுப் போனாள். போனவள்தான். நான் பொய் சொல்லவில்லையே, நடந்த தேதியைத்தானே சொன்னேன் என்று இவன் முதல் வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான். இரண்டாம் வருஷம் அதைச் சொல்வதை விட்டான். அம்மா சாவுக்கு அவள் வந்து, சவப்பெட்டியின் அந்தப் பக்கம் நின்று, அந்தப் பக்கமாகவே போய்விட்டாள். ஒரு பிள்ளைக்குத் தெரியாமல் இருந்த ஒரு விஷயத்தை நாம்தானே தெரியவைத்துவிட்டோம், அவள் பாட்டுக்கு அப்பா பிள்ளையாக வாழ்ந்துகொண்டிருந்தாளே என்று நினைக்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

வீட்டில் அம்மா சொல்லிவைத்திருந்த கதையும் இதே கதைதான், அதுதான் வேடிக்கை. அந்தமானிலிருந்து நடுவில் ஒரு கிறிஸ்துமஸுக்கு அப்பா வந்துவிட்டுப் போனாராம். எழுபத்தொன்று கிறிஸ்துமஸுக்கு. செசிலி எழுபத்திரண்டு செப்டம்பர். ஆனால் அந்தக் கிறிஸ்துமஸ் சவரிராயனுக்கு நினைவிருந்தது, அதற்கு அவன் என்ன செய்வான்? ஏழு வயது. வாசலில் கட்டிய காகித நட்சத்திரத்துக்குக் கீழே, புதுச் சட்டை கழுத்தில் அரிக்க அரிக்க, மூன்று நாள் உட்கார்ந்திருந்தான். அப்பா வரவில்லை. நட்சத்திரம் பனியில் நனைந்து ஒரு முனை தொங்கியது, அதைக்கூட ஒட்டவைக்க ஆளில்லை. எழுபத்துநாலில் அப்பா நிஜமாகவே வந்து இறங்கின மறுநாள் எல்லாரும் ஸ்டூடியோவுக்குக் கிளம்பினார்கள். செசிலிக்கு ஒன்றரை வயது. தூங்கிவிட்டாள், அதனால் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனோம் என்று அம்மா பின்னால் சொல்வாள். தூங்கவில்லை. பக்கத்து வீட்டு வாசற்படியில் நின்று இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அழுதாள், தெருமுனை திரும்பும்வரை கேட்டது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அம்மாவும் பார்க்கவில்லை. இவன் பார்த்தான், ஆனால் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு நடக்கிற சந்தோஷத்தில் இருந்தான். இதெல்லாம் இப்போது எதற்கு? முன்னால் கிடப்பது வேறு யாரோ வீட்டுப் படம். அதைப் பார், வந்த வேலையைப் பார் என்று மறுபடி பூதக்கண்ணாடியைக் குனிந்து பிடித்தான். அவன் இன்னும் புரிந்துகொள்ளாத ஒரே ஒரு இடம் அதில் பாக்கி இருந்தது. நாற்காலியின் முன்காலுக்குப் பக்கத்தில், தரைக்கு ஒரு சாண் மேலே, ஒரு வளைவில் ஏழெட்டு வெள்ளைப் புள்ளிகள். அதற்குக் கீழே பூசி மறைத்தாற்போல ஒரு வெளிறிய தீற்றல். நெகட்டிவில் விழுந்த தூசி என்று படிவத்தில் எழுதியிருந்தான். தூசி எங்கேயாவது வரிசை கட்டி விழுமா? விழாது. ஆனாலும் அதை அடிக்கவில்லை, அப்படியே விட்டிருந்தான்.

கதவைத் தட்டினார்கள். "சவரி சார், இன்னும் முடியலையா?" சௌதாமினி மேடத்தின் குரல். "அந்தம்மா ஒரு மணி நேரமா அசையாம உக்காந்திருக்காங்க. டீ குடுத்தா வேண்டாங்குறாங்க. அச்சகத்துல இருந்து வேற போன் பண்ணிட்டாங்க. நாப்பத்துமூணுன்னு போட்டுடலாம்ல?" இவன் "அஞ்சு நிமிஷம் மேடம்" என்றான். அந்த அஞ்சு நிமிஷத்தை இதோடு நாலாவது தடவை கேட்டிருந்தான். அவர் செருப்புச் சத்தம் தள்ளிப் போனதும் மூளை பொந்து தேட ஆரம்பித்தது. எழுத எத்தனையோ வழி இருக்கிறது. பிற்கால அச்சு, மூலப் படத்தின் ஆண்டு தெரியவில்லை என்று எழுதலாம். பொய்யில்லை. சேதம் காரணமாக முழுமையாக ஆராய முடியவில்லை என்று எழுதலாம். நாற்பத்துமூன்று என்று குடும்பத்தார் தெரிவித்தனர் என்று எழுதலாம், பழி குடும்பத்தார் தலையில் போகும். பழியா, அதென்ன சொல், அந்த அம்மாள் என்ன குற்றமா செய்தார்? அப்படி எழுதிக் கொடுத்தால் சுவரொட்டி ஊரெல்லாம் ஒட்டப்படும், எண்பது வயதில் ஒரு அம்மாள் தன் அப்பாவோடு நிம்மதியாக ஊருக்குப் போவார். ஆனால் அவர்தான் ஒன்று விடாமல் சொல் என்றாரே. ஒன்று விடாமல் சொன்னால் அவர் நம் முகத்தைப் பார்ப்பார், செசிலி பார்த்த மாதிரி, தலையை ஆட்டுவார், துண்டை விரிப்பார், படத்தைச் சுற்றுவார். அந்தத் தலையாட்டலை இன்னொரு தடவை பார்க்கத் தன்னால் முடியாது. சொல்லாமலும் முடியாது. இந்த அறைக்குள்ளேயே இப்படியே இருந்துவிடவும் முடியாது, ஏனென்றால் இப்போது நிஜமாகவே அடிவயிறு முட்டிக்கொண்டு வந்தது. கடைசியில் அந்த மானங்கெட்ட அவசரம்தான் அவனை எழுப்பியது. கதவைத் திறந்து தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தான்.

"போயிட்டு வாங்க தம்பி, முதல்ல போயிட்டு வாங்க" என்றார் உலகம்மாள், அவன் நடையைப் பார்த்தே புரிந்துகொண்டு. திரும்பி வந்தபோது பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டிருந்தார். உட்கார்ந்தான். கை ஈரத்தை வேட்டியில் துடைத்தான். அந்த அம்மாள் காத்திருக்கவில்லை, அவரே கேட்டார். "தாளு எந்த வருசத்துத் தாளு?" என்றார். "ஐம்பத்தஞ்சு வாக்குல, அதுக்கு முந்தி இல்லம்மா" என்றான், சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்க்காமல் ஒயர்கூடையைப் பார்த்தான். "ஐம்பத்தாறு" என்றார் அவர். "ஆடி மாசம். சனிக்கிழமை, பள்ளிக்கூடம் லீவு. எனக்குப் பன்னண்டு வயசு." சவரிராயன் நிமிர்ந்தான். அவர் சாதாரணமாகத்தான் இருந்தார், மருந்துக் கடையில் சீட்டைக் காட்டிப் பேசுகிறவர் மாதிரி. "பெரியப்பாமாரு ரெண்டு பேரும் வந்து, எங்க தம்பி பிள்ளைன்னு இவளை எப்படிச் சபையில நிறுத்துததுன்னு கேட்டுட்டுப் போனாவ. நான் பெரியவளாவப் போற நேரம். மறுவாரம் அம்மை என்னையக் கூட்டிக்கிட்டு திருநவேலிக்குப் போனா. அவ கல்யாணச் சீலையைக் கட்டியிருந்தா. ரங்கூன் படத்தையும் எடுத்துக்கிட்டா. ஸ்டூடியோக்காரரு நாற்காலில ரெண்டு தலகாணியைப் போட்டு, ஆம்பளை உசரத்துக்கு என்னைய உக்கார வச்சாரு. அம்மை பக்கத்துல நின்னு என் தோள்ல கையை வச்சா. புடிச்சாரு. பொறவு என்னைய வெட்டி எடுத்துட்டு, அந்த இடத்துல அப்பாவை ஒட்டி, திரும்பப் புடிச்சு அடிச்சுக் குடுத்தாரு. பின்னால முத்திரையை அம்மைதான் நகத்தால உரிச்சா. பெட்டில கெடந்துச்சுன்னு சொல்லி மாட்டினா. அதுக்குப் பொறவு ஒருத்தரும் வாயைத் தொறக்கலை. எனக்குக் கல்யாணமும் ஆச்சு, பிள்ளையளும் ஆச்சு."

இவன் ஒரு மணி நேரம் ஒரு அறைக்குள் ஒளிந்து கிடந்ததற்கு வெட்கப்படுவதா, கிடந்தது வீண் என்று சிரிப்பதா. "அப்ப உங்களுக்கு..." என்று இழுத்தான். "மாசக் கணக்கா?" என்றார் அவர். "எட்டு வயசுலயே எண்ணிட்டேன், விரல் மடக்கி. யாரைப் பத்தின கணக்கோ அந்தப் பிள்ளைதான் தம்பி முதல்ல எண்ணும். மத்தவங்க எல்லாம் அதுக்குப் பொறவுதான். அது யாருன்னு அவ சொல்லலை, நானும் கேக்கலை. கேட்டு என்ன ஆவப் போவுது. ராத்திரி பகலா டீச்சர் வேலை பாத்து என்னைய வளத்தவ அவ." சவரிராயன் அதை மனசுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். அந்தப் பிள்ளைதான் முதலில் எண்ணும். அப்படியானால் செசிலி? பாயசத் தம்ளரும் பந்தியுமாக இருந்த அந்தக் கூடத்தில் நின்று, இதுல நான் எங்கண்ணே என்று சிரித்தபோதே அவள் எண்ணியிருந்தாள். எண்ணித் தெரிந்துதான் மூன்று தடவை கேட்டாள். நீ அங்கேதான் இருக்கே, அண்ணன் பக்கத்துல, படத்துல விழலை அவ்வளவுதான் என்று ஒரு வார்த்தை அண்ணன் வாயிலிருந்து வரும் என்றுதான் கேட்டாள். அவளுக்குத் தெரியாத எதையும் அவன் சொல்லவில்லை. பத்தொன்பது வருஷமாக ஒரு ரகசியத்தை உடைத்துவிட்டதாகத் தன்னைத் தானே திட்டிக்கொண்டிருந்தானே, அந்தப் பாவம்கூட அவனுடையது இல்லை. அவனுடையது அதைவிடக் கேவலமானது. பக்கத்து வீட்டு வாசற்படியில் அவளை இரண்டாம் தடவை விட்டுவிட்டு நடந்திருக்கிறான்.

"பின்ன எதுக்கும்மா இங்க கொண்டாந்தீங்க? எல்லாம் தெரிஞ்சிருந்தும்?" என்றான். உலகம்மாள் முதல் தடவையாகத் தயங்கினார். முந்தானையை இழுத்து மடியில் வைத்து நீவினார். "இந்தக் காப்பகத்தைப் பத்திப் பேப்பர்ல போட்டிருந்தான். இங்க உள்ள விளக்குல வச்சுப் பாத்தா கண்ணுக்குத் தெரியாததெல்லாம் தெரியும்னு. எத்தனை வருசம், தெனமும் அந்தப் படத்துக்குக் கீழதான் சாப்பிட்டேன், படிச்சேன். வாறவுக எல்லாம், பிரமு புருசன் தோள்ல எப்படிக் கை வச்சிருக்கா பாருன்னு சொல்லுவாவ. அது என் தோளுல்லா? எனக்கு மட்டுந்தான் தெரியும். அம்மை கை சூடு இன்னும் இங்கன இருக்கு. அவளும் போய்ச் சேந்துட்டா. அதான் கேக்கேன் தம்பி." தன் இடது தோளைத் தொட்டுக்கொண்டு அவன் கண்ணைப் பார்த்தார். "அதுல எங்கயாவது நான் தெரியுதேனா?"

அவன் எழுந்து அந்த உள்ளறைக்கு அவரைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு போனான். ஊதா விளக்கு தேவைப்படவில்லை, சாதாரண மேஜை விளக்கைச் சாய்த்துவைத்து, பூதக்கண்ணாடியை நாற்காலியின் முன்காலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, அவரைக் குனியச் சொன்னான். தூசி என்று எழுதியிருந்த ஏழெட்டுப் புள்ளிகள். ஒரு வளைவு. அதற்குக் கீழே, தூரிகைக்காரன் கருப்பைக் கொஞ்சம் மெலிசாகத் தீற்றிவிட்ட இடத்தில், தலையணை உயரத்திலிருந்து தொங்கும் ஒரு சின்னக் கால், அதில் கட்டை விரலும் பக்கத்து விரலும். "கொலுசு" என்றார் உலகம்மாள். "அம்மையோடது. எனக்குப் பெரிசா இருக்கும். கழண்டு விழுந்துருமோன்னு காலை ஆட்டாம இருந்தேன்." பிறகு கண்ணாடியில் கண்ணை வைத்தது வைத்தபடி வெகு நேரம் குனிந்திருந்தார், இடுப்பு வலித்திருக்கும், நிமிரவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. நிமிர்ந்ததும், "இதை எழுதுங்க" என்றார். "ரெண்டு பேருன்னு போடாதீங்க, மூணு பேருன்னு போடுங்க. நாற்காலில இருக்கது நான்னு போடுங்க. அந்த மேடத்துக்கிட்ட நான் சொல்லிக்கிடுதேன், கோவிச்சா கோவிச்சுக்கிடட்டும். அந்தச் சுவரொட்டியை ஒட்டாட்டா ஒண்ணும் முழுகிராது." இப்போது டீ கொடுத்தால் குடிப்பேன் என்று சொல்லிவிட்டு அவர் வாசிப்பறைக்குப் போனார். வெளியே சௌதாமினி மேடத்தின் குரல் உயர்வதும், இந்த அம்மாளின் குரல் உயராமலே போய்க்கொண்டிருப்பதும் கேட்டது.

சவரிராயன் படிவத்தில் தூசி என்றிருந்த வரியை அடித்தான். எடுத்த வருஷம், 1956 ஆடி. படத்தில் இருப்பவர்கள்: நிற்பவர் பிரமு. நாற்காலியில் இருப்பவர் அவர் மகள் உலகம்மாள், வயது பன்னிரண்டு, வலது கால் மட்டும் தெரிகிறது. மேலே ஒட்டப்பட்டிருப்பவர் சங்கரலிங்கம், 1941-ல் ரங்கூனில் எடுத்த படத்திலிருந்து. கையெழுத்துப் போட்டான். போனை எடுத்து செசிலியின் எண் வரைக்கும் போனான். எண் மாறியிருக்கலாம். மாறாமலும் இருக்கலாம், அதுதான் பயம். எடுத்தால் அவளுக்கு என்ன சொல்வான், எதைக் காட்டுவான்? வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தை அவன் எத்தனையோ தடவை பார்த்தாயிற்று. அது அசல் படம். எழுபத்துநாலாம் வருஷத்துத் தாள், ஒரே பக்கத்து வெளிச்சம், ஒட்டு இல்லை, பூச்சு இல்லை, வாங்கின நாளிலிருந்து வேறொருத்தர் கைக்குப் போனதில்லை. அப்பாவின் சட்டை மடிப்பு, அம்மாவின் மூக்குத்தி, அப்பா விரலைப் பிடித்துக்கொண்டிருக்கும் அவன் கை எல்லாம் அச்சுப் பிசகாமல் இருக்கின்றன. எந்த விளக்கில் வைத்து எந்தக் கண்ணாடியில் பார்த்தாலும் அதில் செசிலியின் ஒரு கால்விரல்கூடக் கிடைக்காது.